கடைத் தொலைபேசி ஏன் மணி அடிக்கவில்லை?
கம்பியில்லா இணையத் தொலைபேசியின் கோளாறுகளை நாமே கண்டறிவோம்

வியாபாரிக்குத் தொலைபேசி ஆடம்பரப் பொருளல்ல. காத்தான்குடியில் புடவை மொத்த வியாபாரம் செய்பவருக்கும், ஏறாவூரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கும், ஓட்டமாவடியில் அரிசி கொள்வனவு செய்பவருக்கும் ஓடர் வருவது தொலைபேசியில்தான். கொழும்பிலிருந்து சரக்கு ஏற்றியாயிற்றா, வங்கியில் காசு விழுந்ததா என்று கேட்பதும் அதில்தான். இப்படிப்பட்ட தொலைபேசி அரை நாள் வேலை செய்யாவிட்டால் ஏற்படும் நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது. ஏனெனில், வராத அழைப்புக்குப் பதிவு எதுவும் இல்லை. அழைத்துப் பார்த்த வாடிக்கையாளர் அடுத்த கடையை அழைத்துவிட்டு அத்தோடு மறந்துவிடுவார்.

எமது பகுதியின் கடைத் தொலைபேசி பல வடிவங்களை எடுத்துவிட்டது. முதலில் செப்புக் கம்பி இணைப்பு இருந்தது. கம்பி எட்டாத இடங்களுக்கு 2000களின் நடுப்பகுதியில் சிடிஎம்ஏ தொலைபேசிகள் வந்தன. சன்டெல், லங்கா பெல், ஸ்ரீலங்கா டெலிகொம் ஆகியவற்றின் அந்தப் பெட்டிகள் அன்று பல கடை மேசைகளில் இருந்தன. சன்டெல் நிறுவனத்தை 2012இல் டயலொக் வாங்கிக்கொண்டது. இன்று அந்த இடத்தில் ஃபைபர் இணைப்போ 4ஜி ரவுட்டரோ இருக்கிறது. அதனோடு சேர்ந்து கையில் எடுத்துக்கொண்டு நடக்கக்கூடிய கம்பியில்லா இணையத் தொலைபேசியும் வந்திருக்கிறது.

இதில் கோளாறு ஏற்பட்டால் எம்மவர் பலர் செய்வது இரண்டில் ஒன்று. ஒன்றில் ரவுட்டரை மாற்றுகிறார்கள், அல்லது தொலைபேசியை மாற்றுகிறார்கள். இரண்டையும் மாற்றிய பிறகும் கோளாறு அப்படியே இருப்பதுண்டு. காசு செலவழிக்க முன்னர் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுகொள்ள வேண்டும். அதற்குப் பொறியியலாளர் தேவையில்லை. கால் மணித்தியாலமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் கம்பியில்லாக் கைபேசிகள் ஒரே வகையானவை அல்ல.

முதலாவது வகை, வைபை தொலைபேசி. இது ரவுட்டரின் வைபை அலையில் நேரடியாக இணைகிறது. வைபை பெயரும் கடவுச்சொல்லும் இதற்குத் தேவை.

இரண்டாவது வகை, டெக்ட் தொலைபேசி. இதற்கென்று தனியாக ஓர் அடிப்பெட்டி உண்டு. அந்தப் பெட்டி கம்பி மூலம் ரவுட்டரில் பொருத்தப்பட்டிருக்கும். கைபேசிக்கும் பெட்டிக்கும் இடையே செல்வது வைபை அல்ல. அது 1.9 கிகாஹேர்ட்ஸ் அளவிலான வேறொரு அலை. ஆகவே டெக்ட் தொலைபேசியில் வைபை கடவுச்சொல்லைத் தேடுவது வீண் வேலை. பெட்டியையும் கைபேசியையும் மறுபடி பதிவு செய்வதுதான் அதற்குரிய வழி.

மூன்றாவது வகை, வட்ஸ்அப் போன்ற செயலிகளை வைபையில் பயன்படுத்தும் சாதாரண ஸ்மார்ட் தொலைபேசி.

மலிவு விலையில் பழைய தொலைபேசி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்கைப் சேவைக்கென்றே செய்யப்பட்ட வைபை தொலைபேசிகள் 2006ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்தன. ஸ்கைப் சேவையே 2025 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. அத்தகைய தொலைபேசி எவ்வளவு புத்தம் புதிதாகத் தோன்றினாலும் இனிப் பயனில்லை.

சரக்கு எங்கே நிற்கிறது?

புறக்கோட்டையில் ஓடர் கொடுத்த சரக்கு கடைக்கு வந்து சேரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? கொழும்பில் ஏற்றினார்களா, லொறி வந்ததா, லொறியிலிருந்து கடைக்குக் கொண்டுவந்தார்களா என்று படிப்படியாக விசாரிக்கிறோம். குரலும் அவ்வாறே மூன்று கட்டங்களைத் தாண்டித்தான் போகிறது.

முதற்கட்டம், தொலைபேசியிலிருந்து ரவுட்டர் வரை. இரண்டாம் கட்டம், ரவுட்டரிலிருந்து இணைய நிறுவனம் வரை. மூன்றாம் கட்டம், அங்கிருந்து தொலைபேசிச் சேவையைத் தாண்டி மறுமுனையில் இருப்பவர் வரை.

எந்தக் கட்டத்தில் தடங்கல் என்பதை அறிய மூன்று சோதனைகள் உள்ளன.

ஒன்று: தொலைபேசியை ரவுட்டருக்கு இரண்டு மீற்றர் தூரத்தில் கொண்டுவந்து பேசிப் பாருங்கள். அங்கே நன்றாகப் பேசி, கடையின் பின்பக்கத்தில் அறுந்தால் கோளாறு முதற்கட்டத்தில். அதாவது அலை போதவில்லை.

இரண்டு: இன்னொரு ஸ்மார்ட் தொலைபேசியை அதே வைபையில் இணைத்து இணையம் வருகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யும்போது அந்தத் தொலைபேசியின் மொபைல் டேட்டாவைக் கட்டாயம் நிறுத்திவிடுங்கள். பலர் இதை மறந்து சிம் அட்டையின் இணையத்தில் பார்த்துவிட்டு, "வைபை நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஏமாந்துபோகிறார்கள். இதிலும் இணையம் வராவிட்டால் கோளாறு உங்கள் தொலைபேசியில் இல்லை.

மூன்று: ஒரு கணினியைக் கம்பி மூலம் ரவுட்டரில் பொருத்திப் பாருங்கள். கம்பியிலும் இணையம் வராவிட்டால் இரண்டாம் கட்டம் பழுது. நிறுவனத்தை அழைக்க வேண்டும். கம்பியில் வந்து வைபையில் வராவிட்டால் உங்கள் ரவுட்டரின் வைபை அமைப்பைப் பார்க்க வேண்டும்.

முதற்கட்டம்: தொலைபேசியும் ரவுட்டரும்

தொலைபேசித் திரையில் வைபை பெயரே தோன்றவில்லை என்றால் முதலில் அலைவரிசையைப் பாருங்கள். ரவுட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என இரு அலைகளில் இயங்குகின்றன. பழைய வைபை தொலைபேசிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டரில் 2.4 அலை நிறுத்தப்பட்டிருந்தால் அந்தத் தொலைபேசி எதையும் காணாது. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கருவிகளுக்கு 2.4 அலையில் 1 முதல் 11 வரையான சனல்கள் மட்டுமே தெரியும். ரவுட்டர் 12இலோ 13இலோ நின்றால், உறவினர் அங்கிருந்து அனுப்பிய தொலைபேசிக்கு அது தென்படாது.

பெயர் தோன்றியும் இணையவில்லை என்றால் கடவுச்சொல்லையும் பாதுகாப்பு முறையையும் பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. இலக்க விசைகளில் எழுத்துகளைத் தட்டும்போது இதில்தான் தவறு நேர்கிறது. 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ-3 முறையில் மாத்திரம் இயங்குமாறு புதிய ரவுட்டரை அமைத்திருந்தால் பழைய தொலைபேசி இணையாது. டபிள்யூபிஏ-2 முறையையும் சேர்த்து அனுமதித்தால் போதும். அதைவிடப் பழைய டபிள்யூஈபி முறை மட்டுமே தெரிந்த தொலைபேசி என்றால் அதைக் கைவிடுவதே நல்லது. அந்தப் பூட்டை உடைக்கும் வழி 2001இலேயே வெளிவந்துவிட்டது.

இணைந்துவிட்டது, ஆனால் அழைப்புப் போகவில்லை என்றால் ஐபி இலக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் இலக்கத்தை வழங்குகிறது. தொலைபேசியில் 169.254 என்று தொடங்கும் இலக்கம் தெரிந்தால் ரவுட்டர் அதற்கு இலக்கம் வழங்கவில்லை என்று பொருள். இதற்குக் கடைகளில் பொதுவான காரணம் ஒன்று உண்டு. கேட்கும் வாடிக்கையாளர் எல்லோருக்கும் வைபை கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுகிறோம். ரவுட்டரிடம் இருக்கும் இலக்கங்கள் தீர்ந்துபோகின்றன. வாடிக்கையாளருக்கென்று தனி விருந்தினர் வைபை அமைப்பதே இதற்கு வழி. நிறுவனம் தந்த பெட்டியோடு சொந்தமாக இன்னொரு ரவுட்டரையும் பொருத்தி, இரண்டும் ஒரே வலையமைப்பில் இலக்கம் வழங்கினாலும் இதே குழப்பம் வரும். ஒன்றில் அந்த வேலையை நிறுத்திவிட வேண்டும்.

இனிக் குரல் வெட்டி வெட்டிக் கேட்பது. எமது கடைவீதிகளை நினைத்துப் பாருங்கள். கடையோடு கடை ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு ரவுட்டர். 2.4 அலையில் ஒன்றையொன்று முட்டாத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. பக்கத்துக் கடைகள் எல்லாம் 6இல் நின்றால் நீங்கள் 1க்கோ 11க்கோ மாற வேண்டும். தொலைபேசிக்கு 5 கிகாஹேர்ட்ஸ் தெரியுமானால் அதற்கு மாறுவது இன்னும் நல்லது. ஆனால் அந்த அலை சுவர் தாண்டுவதில் பலவீனமானது.

இரும்பு ஷட்டர், இரும்பு அலுமாரி, குளிரூட்டும் பெட்டி, தகரத் தடுப்பு எல்லாம் அலையை மறிக்கும். தண்ணீர் அதை உறிஞ்சும். மீன், இறால் வியாபாரிகள் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டு அலை போதவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. சாப்பாட்டுக் கடைகளில் மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் நேரத்தில் மட்டும் பேச்சு அறுகிறதா என்று பாருங்கள். அந்த அடுப்பும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அளவில்தான் வேலை செய்கிறது. ரவுட்டரைக் கடையின் நடுவில், ஆளுயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைத்தாலே பாதிக் கோளாறு போய்விடும்.

தொலைபேசியில் அலைப் பலத்தை டிபிஎம் அளவில் காட்டும் வசதி இருந்தால், குரலுக்கு மைனஸ் 67 அல்லது அதைவிடப் பூச்சியத்துக்குக் கிட்டிய எண் தேவை. மைனஸ் 80 என்று காட்டும் இடத்தில் எழுத்துச் செய்தி போகலாம், பேச்சு நிற்காது.

கடைக்குப் பின்னால் களஞ்சியம் இருந்தால் வைபை நீட்டிப்புக் கருவி வாங்கத் தோன்றும். ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி அனுப்பும் மலிவான கருவிகள் வேகத்தைப் பாதியாக்கிவிடும். களஞ்சியம் வரை கம்பி இழுத்து அங்கே இரண்டாவது வைபை பெட்டி வைப்பதே உறுதியானது.

வாவிக்கு அப்பால் அலை போகுமா?

எழுவான்கரையில் கடையும் படுவான்கரையில் நெல் களஞ்சியமும் வைத்திருப்போர் உண்டு. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டதிலிருந்து போக்குவரத்து இலகுவாகிவிட்டது. வைபையையும் அப்படியே வாவிக்கு மேலாக அனுப்பலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரண ரவுட்டரால் முடியாது. திசை நோக்கிய அன்டெனா இரண்டு வேண்டும்; ஒன்றிலிருந்து மற்றது தெளிவாகத் தெரியவும் வேண்டும். அத்தோடு, 1 கிலோமீற்றர் தூரத்துக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை அனுப்பினால், நடுவழியில் நேர்கோட்டுக்குக் கீழும் பக்கங்களிலும் சுமார் 5.5 மீற்றர் இடைவெளி இருப்பது நல்லது. நீரின் மேற்பரப்பு அலையைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பி நேரடி அலையோடு மோதவிடும். மாரியில் நீர்மட்டம் உயரும்போது நிலைமை மாறும். இதைவிட இரண்டு இடங்களிலும் தனித்தனி இணைய இணைப்பு எடுத்து ஒரே தொலைபேசிச் சேவையில் பதிவது சுலபமானது. வெளியில் அன்டெனா பொருத்தத்தான் வேண்டும் என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்டம்: வேகமல்ல, ஒழுங்கு

"எனது இணைப்பு 50 எம்பி வேகம், பிறகு ஏன் குரல் உடைகிறது?" என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. குரலுக்கு வேகம் அதிகம் தேவையில்லை. நல்ல தரமான ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் செக்கனுக்குச் சுமார் 87 கிலோபிட் போதும். சிக்கனமான ஜி.729 முறையில் அது சுமார் 31 கிலோபிட்தான். குரலுக்குத் தேவை ஒழுங்கு. குரல்பொதிகள் தாமதமில்லாமல், ஒரே சீராக, தொலையாமல் போய்ச் சேர வேண்டும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

இந்த ஒழுங்கைக் கெடுப்பது பெரும்பாலும் கடைக்குள்ளேயே இருக்கிறது. பாதுகாப்புக் கெமராக்கள் படங்களை ஓயாமல் இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் மேலே செல்லும் பாதை நிரம்பிவிடும். மறுமுனையில் பேசுபவரின் குரல் உங்களுக்கு நன்றாகக் கேட்கும். உங்கள் குரல் அவருக்கு வெட்டும். கெமராவை ஐந்து நிமிடம் நிறுத்திப் பேசிப் பாருங்கள். குரல் சீரானால் காரணம் அதுதான். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள்.

4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கோபுரம் இருக்கும் பக்க ஜன்னலருகே வைத்துப் பார்க்க வேண்டும். மாலையில் மட்டும் குரல் கெடுமானால் அது கோபுரத்தின் நெரிசல். மாதக் கடைசியில் மட்டும் கெடுமானால் டேட்டா அளவு முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கக்கூடும். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். நீங்கள் எத்தனை தடவை ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் பயனில்லை; இணைப்பில் எங்கோ பழுது. நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி மின்வெட்டிலும் பேசியது. அதற்கான மின் வலு கம்பியிலேயே வந்தது. ஃபைபர் இணைப்பில் பெட்டியும் ரவுட்டரும் கடை மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இதை எல்லோரும் அனுபவித்தோம். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றுக்கென்றே சிறிய யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்க முன்னர் ரவுட்டரின் அடியில் எழுதப்பட்டிருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள். தொலைபேசி சார்ஜ் ஆகவில்லை என்றால் சார்ஜ் தொட்டிலின் உலோக முனைகளையும் பாருங்கள். கடலும் வாவியும் சூழ்ந்த எமது ஊர்களில் உப்புக் காற்று அவற்றில் பாசி போலப் படியும். மின் தொடர்பை நீக்கிவிட்டு உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மிகவும் ஆபத்தான கோளாறு

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள். தெரியாத ஒன்று உண்டு. நீங்கள் வெளியே அழைக்கலாம். பேச்சும் தெளிவாக இருக்கும். ஆனால் உங்களுக்கு வரும் அழைப்பு மட்டும் மணி அடிக்காது. தொலைபேசி நன்றாக இருப்பதாக நினைத்து நாள் கணக்கில் இருந்துவிடுவீர்கள். பெருநாள் வியாபாரக் காலத்தில் இப்படி நேர்ந்தால் வரும் நஷ்டத்தைச் சொல்லத் தேவையில்லை.

காரணம் இதுதான். இணையத் தொலைபேசி, "நான் இங்கே இருக்கிறேன்" என்று சேவை நிறுவனத்தின் கணினிக்குக் குறித்த இடைவெளியில் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அப்படி அறிவிக்கும்போது ரவுட்டர் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. சிறிது நேரம் யாரும் அந்த வாசலால் போய்வராவிட்டால் ரவுட்டர் அதை மூடிவிடுகிறது. சில ரவுட்டர்களில் அது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். ஆனால் பல தொலைபேசிகள் மறுபடி அறிவிப்பது 3600 செக்கனுக்கு, அதாவது ஒரு மணித்தியாலத்துக்கு, ஒரு தடவை. இடைப்பட்ட நேரத்தில் வரும் அழைப்பு மூடிய வாசலில் முட்டித் திரும்பிவிடும்.

தொலைபேசி அமைப்பில் கீப் அலைவ் என்றொரு தெரிவு இருக்கும். அதை இயக்கி 20 முதல் 30 செக்கனுக்கு ஒரு தடவை என்று வைத்தால் வாசல் திறந்தே இருக்கும். மணி அடித்து எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது என்றால் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பை நிறுத்திப் பாருங்கள். உதவி செய்வதற்கென்று வைக்கப்பட்ட அது பல ரவுட்டர்களில் உபத்திரவமாகவே இருக்கிறது.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க எளிய வழி, தொலைபேசியை அரை மணித்தியாலம் தொடாமல் வைத்துவிட்டு உங்கள் மொபைலிலிருந்து கடை இலக்கத்தை அழைத்துப் பார்ப்பது. கடை திறந்ததும், எவரையும் அழைக்க முன்னர் இதைச் செய்யுங்கள். சேவை நிறுவனத்தில், பதில் கிடைக்காத அழைப்பை மொபைலுக்குத் திருப்பிவிடும் வசதி இருந்தால் அதையும் செய்துகொள்ளுங்கள்.

கடைத் தொலைபேசியினதும் ரவுட்டரினதும் ஆரம்பக் கடவுச்சொற்களை அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்து. இணையத்தில் அவற்றைத் தேடித் திரியும் திருடர்கள் உங்கள் இலக்கத்திலிருந்து வெளிநாடுகளுக்கு அழைத்துப் பெரிய பில்லை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

மூன்றாம் கட்டம்: எமது கையில் இல்லாதது

எல்லாம் சரியாக இருந்தும் அழைப்புப் போகாமல் இருக்கலாம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப் குரல் அழைப்புகள் நீண்ட காலமாகத் தடுக்கப்பட்டு வந்துள்ளன. அங்கிருக்கும் சகோதரரோடு வட்ஸ்அப்பில் பேச முடியவில்லை என்பதற்காக இங்கே ரவுட்டரை மாற்றுவதில் பயனில்லை. அங்கே அனுமதிக்கப்பட்ட செயலியையோ சாதாரண அழைப்பையோ பயன்படுத்த வேண்டும். எமது நாட்டிலும் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் ஆகிய காலங்களில் வட்ஸ்அப் உட்பட சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வட்ஸ்அப்பில் மட்டுமே ஓடர் எடுத்த கடைகளுக்கு அந்த நாட்களில் வாசல் மூடியது போலாயிற்று. ஆகவே ஒரே செயலியில் முழு வியாபாரத்தையும் தொங்கவிடாமல், வாடிக்கையாளருக்குச் சாதாரண இலக்கம் ஒன்றையும் பில்லில் அச்சிட்டுக் கொடுங்கள்.

நிறுவனத்தை அழைக்க முன்னர்

முதலில் எல்லாவற்றையும் ஒழுங்காக மீள இயக்குங்கள். மூன்றையும் அணைத்துவிட்டு, நிறுவனத்தின் பெட்டியை முதலில் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்த பின்னர் ரவுட்டர், அதன் பின்னர் தொலைபேசி. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடுவது சரியல்ல.

அப்படியும் சரிவராவிட்டால் ஒரு துண்டுக் கடதாசியில் நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கோளாறு வந்த நேரம், பெட்டியின் விளக்குகளின் நிறம், கம்பியில் இணையம் வந்ததா இல்லையா, வெளியே செல்லும் அழைப்பா உள்ளே வரும் அழைப்பா பழுது. "போன் வேலை செய்யுதில்லை தம்பி" என்று சொன்னால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில், "ரவுட்டரை ஓப் பண்ணிப் போடுங்க சேர்" என்பதுதான். "கம்பியில் இணையம் வருகிறது, வெளியே அழைப்புப் போகிறது, காலை ஒன்பது மணியிலிருந்து உள்ளே வருவதில்லை" என்று சொன்னால் அவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். அந்தக் கடதாசியைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நீங்கள் கடையில் இல்லாத நேரத்தில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கும் அது உதவும்.